1,60,000 ரூபாய் கூடக் கொடுத்தால் கார் தானாக ஓடுமா?

கேள்வி: குலசேகரத்தில் வீடு, மார்த்தாண்டத்தில் கடை. தினமும் ஆற்றூர் வழியாகப் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை மதுரையில் படிக்கும் மகளைப் பார்க்கக் குடும்பத்தோடு போவோம். 12 லட்சம் ரூபாயில் ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறோம். இன்னும் 1,60,000 போட்டால் 'தானாக ஓடும்' ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி அமைப்புகள்) வசதியோடு டாப் மாடல் கிடைக்கும் என்கிறார்கள் ஷோரூமில். 69 வயதான அப்பாவும் இதை ஓட்டுவார். வாங்கலாமா?

பதில்: 'தானாக ஓடும்' என்ற சொல்லை முதலில் ஷோரூமிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தானோட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் விலையில் இங்கே கிடைப்பது லெவல் 1 அல்லது லெவல் 2. லெவல் 2 கார் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், ஸ்டியரிங்கையும் கொஞ்சம் திருப்பும். ஆனாலும் ஓட்டுநர் நீங்கள்தான். கண் ரோட்டில் இருக்க வேண்டும், கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், முட்டினால் வழக்கும் உங்கள் பெயரில்தான். டெஸ்லா 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' என்ற பெயரில் ஒரு வசதிக்குத் தனியாக 6 லட்சம் ரூபாய் கேட்டது. அதிலும் ஓட்டுநர் கவனமாகக் கண்காணிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியிருந்தார்கள். பெயர் ஒன்று, நிபந்தனை வேறு.

சரி, அப்படியானால் எதற்குத்தான் காசு? ஏடாஸ் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு மூட்டை. அதில் ஆபத்து வரும்போது மட்டும் குறுக்கிடுபவை ஒரு வகை: முன்னால் முட்டப்போகிறோம் என்றால் தானே பிரேக் போடுவது, பக்கக் கண்ணாடியில் தெரியாமல் பின்னால் வரும் பைக்கைக் காட்டிக்கொடுப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்வது. இன்னொரு வகை நம் வேலையைப் பகிர்ந்துகொள்பவை: முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைச் சரிசெய்யும் க்ரூஸ், ரோட்டுக் கோடுகளைவிட்டு விலகாமல் காரைப் பிடித்துவைக்கும் லேன் அசிஸ்ட். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு இரண்டையும் ஆராய்ந்திருக்கிறது. தானியங்கி பிரேக் இருந்தால் முன்வண்டியின் பின்னால் போய் இடிக்கும் விபத்து பாதியாகக் குறைகிறது என்று கண்டது. ஆனால் க்ரூஸும் லேன் பிடிப்பும் சேர்ந்த பகுதித் தானோட்டம் விபத்தைக் குறைப்பதற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை, அது சொகுசு வசதி என்று 2024இல் சொன்னது. நானும் அந்தக் கட்சிதான். விற்பவர் டெமோவில் காட்டுவது இரண்டாம் வகை. உயிரைக் காப்பது முதல் வகை.

இப்போது உங்கள் ரோட்டுக்கு வருவோம். லேன் அசிஸ்ட் கேமராவால் கோட்டைப் பார்த்து வேலை செய்கிறது. பல கார்களில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் விழிக்கும். குலசேகரத்திலிருந்து திருவட்டாறு, ஆற்றூர் வழியாக மார்த்தாண்டம் வரை எந்த இடத்தில் நிம்மதியாக 60ஐத் தாண்டுவீர்கள்? கோடு இருக்கும் இடத்தில் பைக் நிற்கும், பைக் இல்லாத இடத்தில் கோடு இருக்காது. களியக்காவிளை சாலையிலும் இதே கதைதான். தக்கலை பக்கம் ஒருமுறை இப்படி ஒரு காரை ஓட்டிப் பார்த்தேன். இடதுபுறமிருந்து ஸ்கூட்டர் ஒன்று நுழைந்ததும் கார் சடாரென்று பிரேக் போட்டது. ஸ்கூட்டர்காரர் போய்விட்டார். என் பின்னால் வந்த டிப்பரின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. முன்னால் பிரேக் போட ஆள் வைத்தாலும், பின்னால் வருபவருக்கு அந்த வசதி இல்லையே.

மதுரைப் பயணம் வேறு கணக்கு. காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறிவிட்டால் க்ரூஸ் உண்மையிலேயே காலுக்கு ஓய்வு தரும். ஆனால் அது மாதத்தில் ஒருநாள்.

பணக்கணக்கை ஷோரூம் முழுதாகச் சொல்லாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 1,60,000க்கு அதுவே 28,800. இரண்டையும் 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனில் போட்டால் மாதம் 3,900 ரூபாய் சொச்சம், முடியும்போது சுமார் 2,35,000. இன்சூரன்ஸ் தனி.

அப்புறம் பழுதுச் செலவு. கேமரா முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். ரேடார் இருந்தால் அது முன்பம்பர் பக்கம். கல் லாரி தெறித்த கல்லில் கண்ணாடி விரிசல் விட்டால் வெளியே எங்காவது மலிவாக மாற்றிவிட்டு வரக்கூடாது. கேமராவை மறுபடி அளவுசெய்து பொருத்த வேண்டும். அதைச் செய்யாத ஒரு கார் என்னிடம் வந்தது. இல்லாத வண்டிக்கெல்லாம் கத்திக்கொண்டிருந்தது.

உங்களுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று முடித்திருப்பேன். நடு மாடலில் 6 ஏர்பேக்கும் இஎஸ்சியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அவை இருக்கும் வேறு காரைப் பாருங்கள் என்பதோடு சரி. இஎஸ்சி என்பது கார் வழுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் அமைப்பு. இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டத்தில், ரப்பர் தோட்டத்து வளைவுகளில், லேன் அசிஸ்டைவிட அதற்குத்தான் வேலை அதிகம். (அந்த 1,60,000இல் சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வராது.)

அப்பா ஓட்டுகிறார் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அந்த வயதில் பிரேக்குக்குக் கால் போகக் கொஞ்சம் தாமதமாகலாம், கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும் சிரமம். அவருக்குத் தானியங்கி பிரேக்கும் பக்கவாட்டு எச்சரிக்கையும் பயன்படும். அவை கீழ் மாடலிலேயே வருகிறதா, அல்லது சிறிய காரில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 2024இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, அந்த ஆண்டு டிசம்பரில் வந்த புதிய ஹோண்டா அமேஸ் போன்ற நாலு மீட்டருக்குட்பட்ட கார்களிலும் மேல் மாடல்களில் ஏடாஸ் உண்டு. ஹோண்டாவினது கேமராவை மட்டும் நம்பியது. பம்பர் இடித்தால் ரேடார் செலவு இல்லை. ஆனால் பெருமழையில் கேமரா 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒதுங்கிக்கொள்ளும். எந்தெந்த வசதி எந்த மாடலில் என்று பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் டெஸ்ட் டிரைவை நாகர்கோவில் பைபாஸில் வைக்க விடாதீர்கள். உங்கள் கடைக்குப் போகும் வழியில், மாலை பள்ளிவிடும் நேரத்தில், அப்பாவை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பின்சீட்டில் இருங்கள். ஒவ்வொரு பைக்குக்கும் அது கத்தும். அரைமணி நேரம் கழித்து அவர் "இதை எங்கே மக்கா ஆஃப் பண்றது?" என்று கேட்டால் நடு மாடலை எடுங்கள்.