கண் பார்வை கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது: ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பல வருடங்களாக கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய். நேரே இருக்கும் எழுத்தைப் படித்துவிடுகிறார். ஆனால் பக்கத்தில் யாராவது வந்து நின்றால் தெரிவதில்லை. வாகனம் ஓட்டும் வேலை என்பதால் அதை விட்டுவிட வேண்டியதாயிற்று. நிரந்தர இயலாமைக்கான பாலிசியில் கிளெய்ம் போட்டோம். "குறியீடு எச்54.9, பார்வை 6/12, பார்வைப் புலம் 16 டிகிரி. பார்வையின்மை நிரூபிக்கப்படவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு, இந்த பாலிசியையும் சரண்டர் செய்துவிடலாமா?

பதில்: இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். நிறுவனம் எழுதியிருக்கும் காரணத்தைப் படித்தால், பிரச்சினை உங்கள் கணவரின் கண்ணில் இருப்பதைவிட அவருடைய சான்றிதழில்தான் அதிகம் இருப்பதாகத் தெரிகிறது. சான்றிதழைச் சரிசெய்ய முடியும். எடுத்துச் செலவழித்த ஓய்வுக்காலப் பணத்தை 54 வயதுக்கு மேல் திரும்பச் சேர்ப்பது மிகக் கடினம்.

முதலில் அந்தக் குறியீட்டைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல் எச்54 என்பது பார்வைக் குறைபாட்டுக்கான தலைப்பு. அதில் எச்54.0 என்றால் இரு கண்ணிலும் பார்வையின்மை, 54.1 கடுமையான குறைபாடு, 54.2 மிதமான குறைபாடு. உங்களுக்குக் கிடைத்த 54.9 என்றால் 'குறைபாடு உண்டு, எந்த அளவு என்று குறிப்பிடப்படவில்லை' என்று பொருள். அளவு சொல்லாத சான்றிதழுக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. பதிவு செய்தவர் 6/12 என்ற எண்ணைப் பார்த்திருப்பார். நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பார் என்று அதற்குப் பொருள், அது எந்தக் கடுமையான வகையிலும் சேராது. ஏனென்றால் பட்டியலின்படி மிதமான குறைபாடே 6/18ஐவிட மோசமானால்தான் தொடங்குகிறது, பார்வையின்மை 3/60ஐவிடக் குறைந்தால்தான். சரி, எதையும் முடிவாகச் சொல்லாமல் 54.9 போட்டுவிடலாம் என்று விட்டிருப்பார்.

ஆனால் கிளாக்கோமா ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய். நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். எழுத்துப் பலகையை மட்டும் வைத்து அளந்தால், தடுக்கி விழாமல் ஓர் அறையைக் கடக்க முடியாதவர்கூட நன்றாகப் பார்க்கிறவராகவே பதிவாவார். அதற்காகவே பட்டியலில் இன்னொரு விதி இருக்கிறது: நல்ல கண்ணின் பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்க முடிகிற பரப்பு, மையத்திலிருந்து 10 டிகிரி ஆரத்துக்கு மேல் இல்லையென்றால், எழுத்தை எவ்வளவு தெளிவாகப் படித்தாலும் அவர் மூன்றாம் வகை, அதாவது பார்வையின்மை. அதன் குறியீடு எச்54.0.

இப்போது அந்த '16 டிகிரி'யைத் திரும்பப் பாருங்கள். அது ஆரமா, விட்டமா? ஆரம் என்றால் 10ஐத் தாண்டிவிட்டது, நிராகரிப்பு புரிகிறது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை 16 என்றால் ஆரம் 8தான், பார்வையின்மைக்கான வரம்புக்குள் வந்துவிடுகிறார். அந்த ஒரு சொல்லை மருத்துவர் எழுதாமல் விட்டதால் உங்கள் குடும்பத்தின் வருமானமே நின்றுபோயிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 16 எதைக் குறிக்கிறது என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. பரிசோதனைத் தாள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். பார்வைப் புலப் பரிசோதனையின் அச்சுத் தாளை, முடிவுச் சுருக்கத்தை மட்டும் அல்ல, முழுவதுமாக வாங்குங்கள். அன்றைய சோர்வு, கவனம் இவற்றைப் பொறுத்து இந்தப் பரிசோதனையின் முடிவு கூடக் குறைய வரும். எனவே வேறொரு நாளில் மறுபடி எடுத்து, இரண்டும் ஒத்துப்போனால் வாதம் வலுக்கும். சான்றிதழில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பார்வை அளவு, புலத்தின் ஆரம் டிகிரியில், பரிசோதித்த தேதி, இழப்பு நிரந்தரமானது என்ற மருத்துவரின் கருத்து எல்லாம் இருக்கட்டும். கிளாக்கோமாவின் குறியீடு எச்40 தனியே வர வேண்டும். ஒன்று காரணத்தைச் சொல்கிறது, மற்றது விளைவைச் சொல்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போதாது. அவருக்குக் கண்புரையும் இருந்தால் அதையும் மறைக்காமல், புரையை எடுத்தாலும் இந்தப் புல இழப்பு மீளாது என்று மருத்துவர் எழுதினால் நல்லது. 'அறுவை செய்தால் சரியாகிவிடும்' என்ற பதிலை நிறுவனங்கள் அடிக்கடி சொல்லும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். "பெரிய குறியீடாகப் போட்டுத் தாருங்கள்" என்று யாரிடமும் கேட்காதீர்கள், முகவர் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அளந்ததற்கு ஒவ்வாத குறியீடு பொய்யான கிளெய்மாகிவிடும். நியாயமாகக் கிடைக்கவேண்டியதும் அதோடு போய்விடும்.

அப்புறம் பாலிசி. குறியீட்டைவிட அதன் விளக்கப் பகுதிக்குத்தான் அதிகாரம். 'பார்வையின்மை' என்ற சொல்லுக்கு அவர்கள் என்ன வரையறை தந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பார்வைப் புலமும் அதில் இருந்தால் திருத்திய சான்றிதழோடு மேல்முறையீடு செய்யுங்கள். கடைசித் தேதி நிராகரிப்புக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுத்துமூலம் கேளுங்கள். எழுத்துப் பலகை அளவை மட்டுமே வரையறையாக வைத்திருந்தால் என் பதில் மாறும். குறியீடு திருந்தினாலும் இந்த பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். அப்போது, வேலைசெய்த இடத்தின் குழுக் காப்பீடு, வீட்டுக் கடனோடு சேர்த்து விற்கப்பட்ட காப்பீடு, அரசின் மாற்றுத்திறனாளி உதவி ஆகியவற்றைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் வரையறையும் வேறு, ஒன்றில் தோற்றவர் இன்னொன்றில் ஜெயிப்பது உண்டு.

முடிவு வரும்வரை பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். பாலிசி காலாவதியானாலோ சரண்டர் ஆனாலோ மேல்முறையீடே சிக்கலாகும். கிளாக்கோமா பதிவான ஒருவருக்குப் புதிய பாலிசி கிடைப்பதும் எளிதல்ல. இயலாமை வந்தால் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லும் 'பிரீமியம் தள்ளுபடி' இணைப்பு பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் கொடுத்த வங்கியிடம் இப்போதே, தவணை தவறுவதற்கு முன்பே, கிளெய்ம் நிலுவைக் கடிதத்தைக் காட்டித் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். கையிருப்பில் இருந்து வீட்டுச் செலவுக்கு மட்டும் மாதாமாதம் எடுங்கள். கண் சொட்டு மருந்துச் செலவை ஒரு மாதம்கூடக் குறைக்காதீர்கள். மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பது அதுதான். மேல்முறையீட்டின் பதில் கைக்கு வந்ததும் அந்தக் கடிதத்தோடு மறுபடி எழுதுங்கள். சேமிப்பில் எவ்வளவை, எதிலிருந்து எடுக்கலாம் என்பதை அப்போது முடிவு செய்வோம்.