திருப்பும்போது ‘டக் டக்’: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிட்டை இருக்கிறது ரொயோட்டா லான்ட் குறூசர் 70. மணற்காட்டுப் பக்கம் மீன் ஏற்றப் போய்வாறது. ஃபோர் வீலிலை போட்டு முழுசாத் திருப்பினால் முன்சில்லிலை ‘டக் டக்’ எண்டு சத்தம். ரெண்டு பக்கமும் புது ஜொயின்ற் போடவேணும் எண்டு கராஜிலை சொல்லுகினம். உண்மையோ?
– குடத்தனை வாசகர்

பதில்: உண்மையாக இருக்கலாம். ஆனால் கழற்றிப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஜொயின்ற் (சில்லு திரும்பி நின்றாலும் அச்சின் சுழற்சியைச் சில்லுக்குக் கொடுக்கும் இணைப்பு) தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் உள்ளே ஒரு சீல் (ஒயிலைத் தடுத்து நிறுத்தும் வளையம்) முதலில் போகும், பிறகு கிறீஸ் கரையும், அதன் பிறகுதான் இரும்பு தேயும். சீலைக் கவனிக்காமல் புது ஜொயின்ற் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

சத்தம் எங்கே கேட்டது என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். தார் வீதியில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் நல்ல வாகனமும் திமிறும், இடிக்கும். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விடப் பெரிய வட்டம் ஓடுகின்றன. உங்கள் வாகனத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே தார் வீதியில் கேட்டதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மட்டமான மணல் தரையில் லோ கியரில், நடை வேகத்தில், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி முன்னும் பின்னும் எடுங்கள். ஒருவர் சற்று விலகி நடந்து காது கொடுக்கட்டும். சில்லு சுற்றும் கணக்கோடு சத்தம் வந்து, நேராக்கியதும் நின்றால், சந்தேகம் ஜொயின்ற்றில்தான்.

அடுத்து, சில்லுக்குப் பின்னால் இருக்கும் பந்து போன்ற நக்கிள் உறையைத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓடிய பின் பாருங்கள். மெல்லிய, கறுத்த கிறீஸ் படலம் இருந்தால் பயமில்லை. கஞ்சி போல் தண்ணியாக வழிந்து, கியர் ஒயிலின் கந்தக நாற்றம் அடித்தால் டிஃப் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஒயில் உள்சீலைத் தாண்டி வந்துவிட்டது. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

அச்சை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் (சில்லைத் தாங்கும் நடுப்பகுதி) பெயரிங். மிதித்தும் நிற்காவிட்டால் நக்கிளின் மேல், கீழ்ப் பெயரிங்குகள். ஜொயின்ற்றை மாற்றினாலும் இந்த ஆட்டம் போகாது. அந்தப் பெயரிங்குகளையும் அதே வேலையோடு சேர்த்துப் பாருங்கள்.

இனிக் கழற்றும் வேலை. ஹப் மூடியை எடுத்து, அச்சு நுனியில் இருக்கும் சேர்கிளிப்பை (பூட்டு வளையத்தை) கழற்றுங்கள். பிளாஞ்சின் (ஹப்பின் முகப்பில் பூட்டிய தட்டின்) நட்டுகளுக்குக் கீழே கூம்பு வடிவ வாசர்கள் இறுகிப் போயிருக்கும். அவற்றை நெம்பக் கூடாது. பித்தளைக் கோலைப் பிளாஞ்சில் வைத்துத் தட்டினால் துள்ளி வெளியே வரும். பிறகு பூட்டு வாசரை நிமிர்த்தி, 54 மி.மீ. சொக்கற்றால் பெரிய நட்டைக் கழற்றுங்கள். உளியால் அடித்துக் கழற்றும் பழக்கம் நட்டையும் மரையையும் கெடுத்துவிடும். பிறேக் கலிப்பரைக் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். ஹப்பும் ஸ்பிண்டிலும் (ஹப் சுற்றும் குழாய்த் தண்டும்) வந்ததும் அச்சை உடனே இழுக்க வேண்டாம். வெளி அச்சில் ஒரு தட்டையான முகம் இருக்கும். அது மேலே வரும்படி சுற்றிவிட்டு இழுத்தால்தான் தடையில்லாமல் வரும்.

வெளியே எடுத்த ஜொயின்ற்றை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். உள்ளே ஆறு குண்டுகள், அவற்றைத் தாங்கும் ஒரு கூடு, நடுவில் நட்சத்திர வடிவத் துண்டு இருக்கும். நட்சத்திரத்தைச் சரித்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, குண்டு ஓடும் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். மினுக்கம் மட்டும் என்றால் கெடுதி இல்லை. நகம் தட்டுகிற குழியோ, தோல் உரிந்தது போன்ற இடமோ இருந்தால் அந்த ஜொயின்ற்றின் காலம் முடிந்துவிட்டது. கூட்டின் ஜன்னல் மூலைகளில் மயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான்.

பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் இலேசாகத் தேய்ந்திருந்தால் செலவைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. இரு பக்கத்து ஜொயின்ற்றும் ஒரே பாக இலக்கமா என்று பாருங்கள். ஒன்றென்றால் இடத்தை வலத்துக்கும், வலத்தை இடத்துக்கும் மாற்றிப் போடுங்கள். முன்னோக்கிய இழுவை தேயாத பக்கத்தில் விழும், சத்தமும் அடங்கும். குழி விழுந்த ஜொயின்ற்றுக்கு இது உதவாது.

திரும்பப் பூட்டும்போது உள்சீல் கட்டாயம் புதிது. அச்சில் சீல் உரசும் இடத்தில் நகம் தட்டும் கோடு இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். அச்சை உள்ளே விடும்போது கையால் தூக்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அதன் பற்கள் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். புதுச் சீல் மறுநாளே ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கிறீஸ் மொலிப்டினம் கலந்ததாக இருக்க வேண்டும். முதலில் ஜொயின்ற்றுக்குள் அழுத்தி நிரப்பிவிட்டு, நக்கிள் குழியில் முக்கால்வாசி நிரப்புங்கள். இரண்டு பக்கத்துக்கும் 2 கிலோ வரை வாங்கி வையுங்கள். ஹப் பெயரிங்குக்கு வேறு கிறீஸ், சாதாரண லிதியம் 2ஆம் இலக்கம். நக்கிள் பெயரிங்கின் தகடுகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தனவோ அந்தப் பக்கத்துக்கே போக வேண்டும், கழற்றும்போதே அடையாளம் போடுங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் நக்கிள் கையின் (ஸ்ரியறிங் தண்டு பூட்டும் துண்டின்) நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். இந்த வாகனங்களில் அவை தளர்வது வழக்கம்.

மணலில் புதைந்தால் முழுதாகத் திருப்பியபடி அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள். ஜொயின்ற் உடைவது அந்த நிலையில்தான். சில்லை நேராக்கி, ரயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி மெதுவாக எடுங்கள். தார் ஏறியதும் காற்றை மறுபடி நிரப்புங்கள்.

கேள்வி: பழைய மிற்சுபிஷி ஜீப். கிளச் விட அடியிலை ‘டங்’ எண்டு அடிக்குது. மெதுவா ஓடேக்கை ‘கிச் கிச்’ எண்டும் கேக்குது. பின் டிஃப் போயிட்டுதோ?
– கொடிகாமம் வாசகர்

பதில்: டிஃப்பைத் திறக்க முதல் புறொப்பெல்லர் சாஃப்ற்றின் (டிஃப்புக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்) இரு முனையிலும் இருக்கும் குறொஸ் (சிலுவை வடிவ) ஜொயின்ற்றுகளைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் ‘கிச் கிச்’ காய்ந்த ஊசிப் பெயரிங்கின் சத்தம். சில்லுகளுக்கு அடை வைத்து, கியரை நியூற்றலில் போட்டு, சாஃப்ற்றைக் கையால் முறுக்குங்கள். குறொஸ்ஸுக்கும் நுகத்துக்கும் (அதைப் பிடிக்கும் கவைக்கும்) நடுவே அசைவு தெரிந்தாலோ, ஊசிப் பெயரிங்கின் கோப்பை ஓரத்தில் செங்கல் தூள் போல் துரு இருந்தாலோ காரணம் அதுதான்.

கழற்ற முதல் சாஃப்ற்றின் இரு துண்டுகளிலும் பிளாஞ்சிலும் பெயின்றால் கோடு போடுங்கள். துண்டுகளைப் பிரித்து ஒரு பல் தள்ளிச் சேர்த்தாலும் இரு முனை நுகங்களும் ஒரே நேரில் நிற்காது. பிறகு புது ஜொயின்ற்றோடும் வண்டி நடுங்கும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கோப்பையின் விட்டத்தையும், எதிரெதிர்க் கோப்பைகளின் மொத்த நீளத்தையும் வேர்னியரால் அளந்து வாங்குங்கள். ஜீப்பின் பெயரைச் சொல்லி வாங்கினால் இரண்டு முறை கடைக்கு நடக்க வேண்டிவரும்.

கோப்பையை வைஸில் வைத்து, இரண்டு சொக்கற்றுகளின் உதவியோடு அழுத்தி ஏற்றுங்கள். சேர்கிளிப் பள்ளம் முழுதாகத் தெரியாவிட்டால் உள்ளே ஓர் ஊசி சரிந்து குறுக்கே கிடக்கிறது. அந்த இடத்தில் சுத்தியலைத் தூக்க வேண்டாம். வெளியே எடுத்து, ஊசிகளைக் கிறீஸில் ஒட்டி நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள். நாலு கோப்பையின் ஓரத்திலும் பிதுங்கும் வரை கிறீஸ் அடியுங்கள். ஒன்றில் வராவிட்டால் அந்தக் கை காய்ந்துதான் ஓடும்.

கேள்வி: எங்கடை டபுள் கப் பிக்கப்பிலை முன்சில்லுக்குள்ளை றப்பர் பூட் கிழிஞ்சு போச்சு. சத்தம் ஒண்டும் இல்லை. விடலாமோ?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: விடக் கூடாது. இன்று பூட்டும் கிறீஸும் கிளிப்பும் மாற்றினால் முடிந்துவிடும். மணல் புகுந்து அரைத்த பிறகு ஜொயின்ற்றே வாங்க வேண்டிவரும். கழுவும்போது பழைய கிறீஸை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் தாமதித்துவிட்டீர்கள். பிற்பாடு வளைவில் ‘டக் டக்’ கேட்டால் வெளி ஜொயின்ற். நேராக வேகமெடுக்கும்போது மட்டும் நடுங்கினால் உள் ஜொயின்ற்.

கேள்வி: பரவைக்கடல் தண்ணிக்குள்ளாலை இடைக்கிடை போறனாங்கள். வந்து கழுவினால் காணாதோ?
– பூநகரி வாசகர்

பதில்: வெளியே கழுவுவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் காணாது. ஓடிச் சூடான அச்சுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை இழுக்கும். இறங்க முதல் கால் மணித்தியாலம் நிறுத்தி ஆறவிடுங்கள். அச்சின் மேல் இருக்கும் பிறீதர் (காற்றுப் போக்கி) அடைபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சூட்டில் ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும், குளிரில் தண்ணீர் உள்ளே போகும். பிறீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பிறகு ஒயில் தாங்கும் குழாய் ஒன்றைப் பூட்டி, போனற்றுக்குள் உயரமான இடத்தில் கட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிஃப்பின் வடிகால் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஒயிலை விடத் தண்ணீர் கனம், முதலில் அதுதான் சொட்டும். சொட்டினால் அன்றே ஒயிலை மாற்றுங்கள்.