போனும் பிள்ளைகளும்: கிளிநொச்சி உளவளத்துணையாளரிடம் கேட்டவை

கேள்வி (தருமபுரத்தில் இருந்து ஒரு அம்மா): மகனுக்கு 21. விடிய 2 மணி வரை போன்தான். 2009இல் கடைசிச் சண்டை நேரம் 5 வயது. அதனாலா?

பதில்: அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் அக்கா. சின்ன வயதில் அடி, புறக்கணிப்பு, இழப்பு என்று வளர்ந்தவர்களிடம் போன் பழக்கம் கைமீறுவது கூடுதலாகத் தெரிகிறது. தொடர்புதான், தலைவிதி இல்லை. 1998இல் அமெரிக்காவில் பெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதுத் துன்பங்கள் கூடக் கூடப் பின்னாளில் குடி, புகை, மனச்சோர்வு எல்லாம் கூடியது தெரிந்தது. அதே கேள்வியைத்தான் இப்போது போன் பழக்கத்தைப் பற்றியும் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். பயந்த பிள்ளைக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு மடி வேண்டும் என்றார் ஜோன் போல்பி என்ற பிரித்தானிய மனநல மருத்துவர். பங்கருக்குள் அம்மாவே நடுங்கிக்கொண்டிருந்தால் மடி எங்கே? உங்கள் பிழை இல்லை அது. 'சத்தம் போடாதே' என்று கேட்டே வளர்ந்தவன் சத்தமில்லாத இடம் தேடிப் போகிறான், அந்த இடம் இப்போது கைக்குள் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பெடியன் போனை முழங்காலில் கவிழ்த்து வைத்திருப்பான். அது அதிர்ந்தால் போனைப் பார்க்க மாட்டான், முதலில் கதவைத்தான் பார்ப்பான். 2 மணிக்கு உங்கள் மகன் யாரோடு கதைக்கிறான், எதைப் பார்க்கிறான் என்று கோபமில்லாமல் கேளுங்கள். பறிக்க மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பாவிக்கலாம்?

பதில்: கணக்கு இல்லை. நித்திரை, சாப்பாடு, வேலை கெடுகிறதா என்று பாருங்கள். பறிக்காதீர்கள்.

கேள்வி: இது நோயா? மருந்து உண்டா?

பதில்: 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது, 'போன் அடிமை' என்று ஒரு நோய் இல்லை. மருந்தை வைத்தியசாலை மனநலப் பிரிவில் கேளுங்கள், நான் வைத்தியர் இல்லை.

கேள்வி: ரியூசனுக்கு எந்தப் போன் நல்லம்?

பதில்: கடையில் கேளுங்கள்.

கேள்வி (வவுனியா அண்ணை ஒருவர்): எல்லாத்துக்கும் சண்டையைச் சொல்லாதேங்கோ. கொழும்புப் பெடியளும் இப்படித்தான். நாங்களும் செல்லடிக்குள்ளதான் வளர்ந்தனாங்கள், கெட்டா போனம்?

பதில்: பாதி சரி. அதனால்தான் நான் வீட்டையும் சேர்த்துச் சொன்னேன். அப்பா வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் முகம் என்றால் கொழும்பிலும் பிள்ளை தனிதான். ஆனால் மற்றப் பாதி... உங்கள் காலத்தில் போன் இல்லை அண்ணை, சாராயம் இருந்தது.

— என்ர அப்பாவைச் சொல்றீங்களோ?

— இல்லை, என்ர அப்பாவை.

கேள்வி: எத்தனை மணித்தியாலம்...

பதில்: மேலே வாசியுங்கோ!

கேள்வி: பறிச்சிட்டன். மூன்று நாளா என்னோட கதைக்கிறான் இல்லை.

பதில்: இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழும்பிப் போகாமல் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். சாகப் போகிறேன் என்று ஏதும் சொல்லியிருந்தால் காத்திருக்காமல் 1926க்கு, தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு, எடுங்கள்.