கேள்வி – பதில்: உடலுக்குள் ஒளிரும் மைக்ரோ எல்.இ.டி.

கேள்வி: நீல எல்.இ.டி. செய்யும் குறைக்கடத்தியான காலியம் நைட்ரைடு கண்ணாடி போல நொறுங்குமே, அதில் செய்த எல்.இ.டி. மட்டும் எப்படி வளைகிறது?
– பொறியியல் மாணவி, கோவை

சில்லு அவ்வளவாக வளைவதில்லை, அதைத் தாங்கும் பாலிஇமைடு (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) படலம்தான் வளைகிறது. படலத்தை வளைத்தால் வெளிப்பக்கம் எத்தனை சதவீதம் இழுபடும் என்பதற்குக் கணக்கு எளிது: தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். 10 மைக்ரான் படலத்தை 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் 0.1 சதவீதம். 100 மைக்ரான் என்றால் 1 சதவீதம், சில்லு விரிசல் விட்டுவிடும். மேலும் கீழும் ஒரே தடிமனில் பாலிஇமைடு இருந்தால் சில்லு நடுவில் அமர்ந்து இன்னும் தப்பிக்கும். பெரும்பாலும் முதலில் அறுவது, சில்லின் விளிம்புப் படியில் ஏறி இறங்கும் உலோகத் தடம். விளிம்பைச் சரிவாக்கிய பிறகே உலோகம் படியவிடுங்கள்.

கேள்வி: எல்.இ.டி.யைச் சிலிக்கோன் ரப்பரில் முழுக்க மூடியும், உப்புக் கரைசலில் போட்ட சில நாளில் அணைந்துவிடுகிறது. ஏன்?
– ஆய்வு மாணவர், திருச்சி

சிலிக்கோன் தண்ணீரைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. அடியில் ஒட்டாத இடம் கொஞ்சம் இருந்தாலும் ஆவி அங்கே நீராகத் திரளும், மிச்சமிருக்கும் உப்பும் அழுக்கும் அதில் கரையும். நீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டே போதும், நீல எல்.இ.டி.க்கோ 3 வோல்ட் அளவு கொடுக்கிறீர்கள். அணைந்த சில்லை நுண்ணோக்கியில் பாருங்கள்: நேர்முனைத் தடம் அரித்து, ஓரத்தில் குமிழி தெரிந்தால் இதுதான் காரணம்.

ஃபிளக்ஸும் (பற்றவைக்கும்போது இடும் பசை) விரல்ரேகையும் போகக் கழுவி, மேற்பரப்பைச் சுத்தமாக்க ஆக்சிஜன் பிளாஸ்மா காட்டி, பூச்சு ஒட்டிக்கொள்ள உதவும் ஏ-174 சிலேன் பூசி, பிறகு பாரிலீன்-சி என்ற மெல்லிய பாலிமர் பூச்சை ஏற்றுங்கள். அதன் மேல் சிலிக்கோன் போடலாம். சோதனையில் மின்னழுத்தம் கொடுத்தே ஊறவிடுங்கள், சும்மா ஊறவைத்துத் தேறியது கணக்கில் வராது. 37 டிகிரிக்குப் பதில் 60-இல் வைத்தால் சுமார் 5 மடங்கு வேகம் என்பது தோராயக் கணக்கு.

கேள்வி: மூளைக்குள் வைத்தால் சூடு ஆபத்தில்லையா?
– வாசகர், மதுரை

2013-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக, செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர் எலியின் மூளையில் வைத்தது 50 மைக்ரான் சதுரச் சில்லு. அந்த அளவுள்ள ஒன்றுக்கு 3 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் கொடுத்து, ஒளியாக மாறுவது 20 சதவீதம் என்று கொண்டால், 2.4 மில்லிவாட் சூடாகிறது. நொடிக்கு 20 முறை, முறைக்கு 10 மில்லிநொடி மட்டும் எரியவிட்டால் சராசரி 0.48 மில்லிவாட்டுக்கு இறங்கும். உடலில் பதிக்கும் கருவியின் மேற்பரப்பு, உடல் வெப்பத்தைவிட 2 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பதே வழக்கமான வரம்பு. தொடர்ந்து எரியவிடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.