சேலத்தில் நடைப்பயிற்சி, விளையாட்டு வசதிகள் எல்லோருக்கும் கிடைக்க என்ன செய்யலாம்?

முதலில் பூங்காக் கதவைத் திறந்து வைக்கலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். அம்மா வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறார். முப்பது வருடமாகச் சம்மணம் போட்டுக் குனிந்தே இருந்த உடம்பு. சர்க்கரை வந்ததும் டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் அதேதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். 65 வயது தாண்டியவர்களுக்கும் இதில் சலுகை கிடையாது. தடுமாறி விழாமலிருக்கும் பயிற்சியும் கூடச் சேரும்.

சரி, பக்கத்திலேயே பூங்கா இருக்கிறது. காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் எட்டு. இரண்டு வேளையும் அம்மா அடுப்படியில். பத்தரைக்கு வேலை ஓய்ந்து போனால் கதவில் பூட்டு. காலையில் நடந்து முடித்து, வாசலில் நின்று ஊர்க்கதை பேசுகிற கூட்டத்தில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். (சாயங்காலக் கூட்டம் நடந்ததற்கு ஈடாக ஒரு தட்டுவடை செட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும்.)

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். காந்தி ஸ்டேடியமும் இருக்கிறது, கன்னங்குறிச்சியில் மூக்கனேரி ஏரிக்கரையும் இருக்கிறது. ஆனால் அரை மணி நடக்க இரண்டு பஸ் மாறிக் கன்னங்குறிச்சி போகச் சொன்னால், டிக்கெட் இலவசம் என்றாலும் அம்மா போகமாட்டார். இருபது கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் மிதித்து ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தெருவுக்குப் பக்கத்தில், தோதான நேரத்தில், சுத்தமான கழிப்பறையோடு ஓர் இடம். விடுபட்டவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். கழிப்பறையை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சர்க்கரை உள்ள பெண்கள் பாதியில் வீடு திரும்புவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். "பூங்காவை மேம்படுத்துங்கள்" என்று எழுதவில்லை. "பன்னிரண்டு மணி வரை திறந்து வையுங்கள், கழிப்பறைப் பூட்டை எடுங்கள்" என்று இரண்டே வரி. நீங்களும் அப்படியே கேளுங்கள். பெரிதாகக் கேட்டால் நிதி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்டார்கள். பதினொன்றரை வரை புங்கமர நிழல் பாதையில் விழும் என்று அம்மாதான் பதில் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கதவு திறந்தது. கழிப்பறைச் சாவி இன்னும் வாட்ச்மேன் இடுப்பில்தான் இருக்கிறது. கேட்டால் தருகிறார். அம்மாவுக்குக் கேட்கக் கூச்சம், அதனால் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்புகிறார்.