போர்ப்படத்தில் முதலில் பின்னணியைப் பாருங்கள்

"போருக்கு மக்களின் ஆதரவைத் திரட்ட அரசியல் தலைவர்கள் படங்களையும் காட்சிகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?" என்பது கேள்வி. சுவரொட்டிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். தலைவர் எதன் முன்னால் நிற்கிறார், அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் என் பாட்டியின் வீட்டுக் கூடத்தில், சாமிப் படங்களுக்கு அடுத்தபடியாக நேதாஜியின் படம் மாட்டப்பட்டிருந்தது. சீருடை, முழங்கால் வரை உயர்ந்த காலணி, நெற்றியருகே விறைத்து நிற்கும் கை. சிறு வயதில் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்த 1943இல், ஜூலை 5ஆம் தேதி பாடாங் திடலில், ஜப்பானியர் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'டில்லி சலோ' என்று அவர் முழங்கியபோது, பின்னால் இருந்தது நகராண்மைக் கழகக் கட்டடம். இன்று அது தேசியக் கலைக்கூடம். பிரிட்டிஷார் தங்கள் ஆட்சியின் கம்பீரத்தைக் காட்ட எழுப்பிய அந்த உயர்ந்த தூண்களின் எதிரே, ஒன்றரை ஆண்டுக்கு முன்புவரை அதே பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் பலர் வேறொரு கொடியின்கீழ் நின்றார்கள். பேச்சு புரியாதவருக்கும் அந்தக் காட்சி புரிந்திருக்கும். அடுத்த சில நாள்களிலேயே பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினார்கள். இங்கு மருத்துவராக இருந்த லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தார்கள். பெண்களே புறப்பட்டுவிட்டார்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆண் என்ன நினைப்பான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

1945 செப்டம்பர் 12ஆம் தேதி, அதே கட்டடத்தில்தான் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றார். கடற்கரையோரம் இந்திய தேசிய ராணுவத்தினர் எழுப்பியிருந்த நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்த மாதமே இடித்துத் தள்ளினார்கள். ஒரு காட்சிக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

பின்னணியை மறைப்பதும் இதே கலைதான். 2003 பிப்ரவரி 5ஆம் தேதி, ஈராக்மீது போர் தொடுக்க ஆதரவு கேட்டு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தில் பேசினார். மன்றத்துக்கு வெளியே, தூதர்கள் செய்தியாளர்களைச் சந்திக்கும் இடத்தில், குண்டுவீச்சில் சிதைந்த ஊரைக் காட்டும் பிக்காசோவின் 'குவெர்னிக்கா' ஓவியத்தின் நெய்யப்பட்ட வடிவம் தொங்கியது. அந்நாள்களில் அது நீலத் துணியால் மூடப்பட்டது. தொலைக்காட்சிப் படப்பிடிப்பின் வசதிக்காக என்று விளக்கம் தரப்பட்டது. உள்ளே பவல், ஆந்த்ராக்ஸ் கிருமித்தூளுக்கு மாதிரியாகச் சிறு குப்பியொன்றைக் கையில் உயர்த்திக் காட்டினார். கிருமி ஆயுதங்களைத் தயாரிக்கும் வண்டிகள் என்று சில சித்திரங்களையும் காட்டினார். அவை புகைப்படங்கள் அல்ல, ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து வரையப்பட்டவை. அந்தத் தகவலாளி சொன்னது பொய் என்பது போர் தொடங்கிய பிறகே வெளிப்பட்டது.

இந்த இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. பாடாங்கில் நின்றவர்களின் விடுதலை வேட்கை உண்மையானது, அதை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் படங்களில் இடம்பெறாதவர்கள் இருக்கிறார்கள். 1943 அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையை முடித்ததும் அதே மாதத்தில்தான். அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். பாட்டியின் அண்ணன் ஜொகூரிலிருந்து போனவர், திரும்பவில்லை. அங்கிருந்த வெள்ளைக்காரக் கைதிகளில் சிலர் உயிரைப் பணயம் வைத்து முகாம் வாழ்க்கையை ஒளிந்து வரைந்தார்கள், அவ்வோவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. பாட்டியின் அண்ணனுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. நேதாஜியின் படத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, அதையே அவருக்கும் சேர்த்து ஏற்றுவார் பாட்டி.