150 ரூபாய் இன்சுலினா, பேனா இன்சுலினா?

"அம்மாவுக்கு 30/70 குப்பி இன்சுலின் காலையும் இரவும் போட்டு வருகிறோம். இப்போது டாக்டர் கிளார்ஜின் என்கிற இன்சுலின் பேனாவுக்கு மாறச் சொல்கிறார். செலவு எகிறுகிறது, பழையதே போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, கும்பகோணம் பக்கம் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

விலையை யூனிட் கணக்கில் பாருங்கள். 10 மில்லி குப்பியில் மில்லிக்கு 40 வீதம் 400 யூனிட் இருக்கும். அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால் விலை 150 ரூபாயை ஒட்டியே வரும். யூனிட்டுக்கு 40 காசு போல. பேனாவுக்குள் போடும் கிளார்ஜின் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், 3 மில்லிதான், ஆனால் 300 யூனிட். கம்பெனியைப் பொறுத்து சுமார் 500 முதல் 700 ரூபாய், அதாவது யூனிட் இரண்டு ரூபாய். டெக்லுடெக் என்று இன்னொரு பேனா இன்சுலின், அதற்கும் மேலே. நாளைக்கு 30 யூனிட் என்றால் குப்பியில் மாதம் 350 ரூபாய்க்குள் முடிந்துவிடும், கிளார்ஜினில் 1,500க்குக் குறையாது. பேனா ஊசி தனி.

அந்தக் கூடுதல் காசுக்குச் சர்க்கரை அதிகமாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். குறைக்கும் விஷயத்தில் பழையது ஒன்றும் மட்டமில்லை. வித்தியாசம் வேலை செய்யும் விதத்தில். 30/70ல் முப்பது பங்கு சீக்கிரம் வேலை செய்வது, எழுபது பங்கு மெதுவானது. காலையில் போட்டது நடுப்பகலில் உச்சத்துக்கு வரும், அந்த நேரம் வயிற்றில் சோறு இருந்தே ஆக வேண்டும். கிளார்ஜின் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஒரே சீராக ஓடும்.

நம் பக்கம் இது பெரிய விஷயம். நடவுக்கோ களை பறிக்கவோ போகிறவர்கள் விடியற்காலையில் ஊசி போட்டு, பழையது சாப்பிட்டுக் கிளம்புவார்கள். மதியச் சோறு இரண்டும் ஆகும், மூன்றும் ஆகும். நடுவில் சர்க்கரை குறைந்து (லோ சுகர்), கை நடுங்கி, வியர்த்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் மயக்கம் என்று சோடா கொடுத்து அனுப்புவார்கள். சோடாவில் சர்க்கரை இருந்ததால் தப்பித்தவர்களும் உண்டு! உங்கள் அம்மா வீட்டில் இருப்பவர், நேரத்துக்குச் சாப்பிடுகிறார், ராத்திரியில் லோ சுகர் வருவதில்லை என்றால், குப்பியிலேயே தொடரலாமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். செலவைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். அடிக்கடி லோ ஆகிறது என்றால் அந்தக் காசு தண்டமில்லை.

மாறினால் பழைய அளவை அப்படியே போட்டுவிடாதீர்கள். இரண்டு வேளை மெதுவான இன்சுலினிலிருந்து கிளார்ஜினுக்கு வரும்போது பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் தொடங்குவார்கள். தவிர, கிளார்ஜினில் சாப்பாட்டுக்கான பங்கு கிடையாது. அதற்கு மாத்திரையா, வேறு ஊசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் சாதா இன்சுலின் இலவசம். கிளார்ஜின்தான் வேண்டும் என்றால் மக்கள் மருந்தகத்தில் விலை குறைவு; இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பிரிக்காததை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் கெட்டது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் டப்பாவில் வைப்பது நல்ல வழி. பிரித்ததை 28 நாளுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம், ஊசி. போன வாரம் ஒரு பெரியவர், "பேனா எதுக்குத் தம்பி, வீட்ல செவப்பு மூடி ஊசி கெடக்கு, கார்ட்ரிட்ஜை அதுலயே உறிஞ்சிக்கிறேன்" என்றார். சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கானது, கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. அந்த ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் பேனாவை வாங்கிக்கொண்டு போனார்.